கூடை எடை: என் தங்கை மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உன் பெயரை இதில் போடவில்லை. போடாவிட்டாலும் நாலு வரி படித்ததும் உனக்குத் தெரிந்துவிடும். நேரில் பேசியிருக்கலாம், ஆனால் அன்று நீ கேட்டதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் வயதுப் பிள்ளைகள் இன்னும் இரண்டு மூன்று பேர் இதையே வேறு வேறு விதமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

அன்று காலை நான் பாம்பனுக்கு வந்தபோது நண்டு வலைகள் கரை ஏறியிருந்தன. பெண்கள் மணலில் உட்கார்ந்து, கால் ஒடியாமல் ஒவ்வொரு நண்டாக வலையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ, கம்பெனிக்கு நண்டு எடுக்கிற ஷெட்டில், தராசுக்குப் பக்கத்தில் நோட்டோடு நின்றாய். ஒவ்வொரு கூடைக்கும் “கூடை எடை ரெண்டு” என்று சொல்லி இரண்டு கிலோ கழித்துக்கொண்டே வந்தாய். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் கிடந்த வெறுங்கூடையை எடுத்துத் தராசில் வைத்தேன். ஒன்றேகால் கிலோ காட்டியது. நீயும் பார்த்தாய்.

கூடைக்கு முக்கால் கிலோ. நண்டு போகிற விலைக்கு அது ஒரு வீட்டின் ஒரு நாள் அரிசி, பருப்பு. முன்பணம் வாங்கியவர்கள் வேறு கம்பெனிக்கு நண்டு போட முடியாது, அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. “களவு செய்யாதிருப்பாயாக என்று படித்த பிள்ளைதானே நீ?” என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாய்: “மோசே குடுத்த நியாயப்பிரமாணம் சிலுவையோட முடிஞ்சுபோச்சு பெரியம்மா. நாம இப்ப கிருபைக்குக் கீழ இருக்கோம். லேவியராகமத்துல நண்டு திங்கவே கூடாதுன்னு இருக்கு. நண்டு திங்கிற நீங்க, நண்டு எடைக்கு மட்டும் மோசேயைக் கூப்பிடலாமா?”

நல்ல கேள்வி. உண்மையாகவே சொல்கிறேன். கோவிலுக்கு நாற்பது வருஷம் போய் வந்தவர்கள்கூட யோசிக்காத கேள்வி. மோசேயின் சட்டங்கள் இருக்கிற லேவியராகமம் புத்தகத்தின் 11-ம் அதிகாரத்தில், தண்ணீரில் வாழ்கிறவற்றில் துடுப்பும் செதிலும் இல்லாத எதையும் தின்னக் கூடாது என்றுதான் இருக்கிறது. நண்டு, இறால், கணவாய், திருக்கை எதுவும் ஆகாது. அந்தச் சட்டம் இன்றும் இருந்தால் நம் கடற்கரையில் பாதி அடுப்பு எரியாது. அதே புத்தகத்தின் 19-ம் அதிகாரத்தில் கள்ளத் தராசு வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்வது எந்த நியாயம்? அந்த 19-ம் அதிகாரத்திலேயே பிறனை உன்னைப்போல் நேசி என்பதும், இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தாதே என்பதும் அடுத்தடுத்த வசனங்களாக இருக்கின்றன. இது நிற்கும், இது போகும் என்று ஓரத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

நீ கேட்டதைப் பழைய ஆட்களும் கேட்டிருக்கிறார்கள். 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்கிற கத்தோலிக்க அறிஞர் மோசேயின் சட்டத்தை மூன்றாகப் பார்த்தார்: வழிபாட்டு முறைகள், இஸ்ரவேல் என்கிற நாட்டின் நீதிமன்றச் சட்டங்கள், எல்லா மனிதருக்குமான ஒழுக்கச் சட்டம். பிற்பாடு 1646-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடி விசுவாச அறிக்கை எழுதிய சீர்திருத்தச் சபையாரும் இதே பிரிவைத்தான் வைத்தார்கள். எவ்வளவோ விஷயத்தில் முகம் பார்க்காத இரண்டு கட்சியும் இதில் ஒத்துப்போகின்றன. ஆனால் பெரியவர்கள் சொன்னார்கள் என்பது உனக்குப் போதாது, எனக்கும் போதவில்லை. அதனால் பைபிளையே புரட்டினேன்.

மோசேக்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்த்தேன். வெள்ளம் வடிந்த பிறகு நோவாவிடம் கடவுள், நடமாடுகிற எல்லாமே உங்களுக்கு ஆகாரம் என்கிறார். நண்டும் அதில் சேர்ந்ததுதான். அதே மூச்சில், மனித ரத்தத்தைச் சிந்தினால் கணக்குக் கேட்பேன் என்கிறார். அப்படியானால் நண்டுக்கு வந்த தடை நடுவில் வந்தது, இஸ்ரவேலை மற்ற ஜாதிகளிலிருந்து பிரித்து வைக்க வந்தது. கொலைக்கு உள்ள தடை முதலிலிருந்தே இருக்கிறது. சீனாய் மலையில் கற்பலகை வருவதற்கு எவ்வளவோ முன்னால் யோசேப்பு எகிப்தில் எஜமானின் மனைவியிடமிருந்து ஓடுகிறான். கடவுளுக்கு விரோதமாக எப்படிப் பாவம் செய்வேன் என்று கேட்கிறான். எந்தப் பலகையை வாசித்து அவனுக்குத் தெரிந்தது?

ஆமோஸ் தீர்க்கதரிசியையும் படித்துப் பார். தமஸ்கு, காசா, தீரு என்று சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் வரிசையாகக் கண்டிக்கிறார். அவர்கள் இஸ்ரவேலர் இல்லை. பன்றி தின்றாய், ஓய்வுநாளை மீறினாய் என்று ஒரு வார்த்தை அவர்களிடம் சொல்லவில்லை. ஜனங்களைச் சிறைப்பிடித்து விற்றதற்கும், கர்ப்பிணிகளைக் கிழித்ததற்கும்தான் கேள்வி. பவுல் ரோமருக்கு எழுதும்போது, மோசேயின் சட்டம் கையில் இல்லாதவர்களுக்கும் அது இருதயத்தில் எழுதியிருக்கிறது என்கிறார். இதற்கு நான் ரோமாபுரி வரை போக வேண்டியதில்லை. அன்று ஷெட்டில் நின்ற பெண்களில் பாதிப்பேர் நம் வேதம் இல்லை. நான் வெறுங்கூடையைத் தராசில் வைத்ததும் அவர்கள் எல்லோருமே அந்த எண்ணைத்தான் பார்த்தார்கள்.

நண்டு சட்டம் எப்படி முடிந்தது என்பதும் எழுதியிருக்கிறது. யோப்பா என்கிற கடற்கரை ஊரில், கடலோரத்து வீட்டு மொட்டைமாடியில் பேதுரு பசியோடு இருக்கும்போது வானத்திலிருந்து ஒரு பெரிய துணி இறங்குகிறது. அதில் ஆகாத பிராணிகளெல்லாம் இருக்கின்றன. அடித்துச் சாப்பிடு என்று சத்தம். உடனே கதவைத் தட்டுவது ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு அனுப்பிய ஆட்கள். சாப்பாட்டுச் சட்டம் விலகியது, அந்நியன் வீட்டுக்குள் வருவதற்காக. பலிச் சட்டம் கிறிஸ்துவின் பலியோடு நிறைவேறியது. எருசலேமில் அப்போஸ்தலர்கள் கூடிப் பேசி, புறஜாதியிலிருந்து வந்தவர்கள் விருத்தசேதனம் செய்ய வேண்டியதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஆனால் வேசித்தனத்துக்கு விலகியிருங்கள் என்பதை விட்டுவிடவில்லை. அப்புறம், சிலுவைக்குப் பின்னால், கிருபைக்குக் கீழே இருக்கிற எபேசு சபைக்குப் பவுல் எழுதுகிறார்: திருடுகிறவன் இனித் திருடாமல், இல்லாதவனுக்குக் கொடுக்கும்படி கையால் பாடுபடட்டும். இது மோசே இல்லை, மகனே.

நீ சொன்ன வசனத்தையும் எடுத்துப் பார்த்தேன். ரோமர் 6:14. ‘நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால்’ என்பது வரை சொன்னாய். அந்த வசனம் எதில் போய் முடிகிறது? ‘பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது.’ கட்டு அவிழ்ந்தது என்றுதான் பவுல் சொல்கிறார். அடுத்த வசனத்தில் நீ கேட்டதையே கேட்டு, ‘பாவஞ்செய்யலாமா? கூடாதே’ என்று முடிக்கிறார். லூத்தரைப் பற்றி நீ அடிக்கடி பேசுவாய். விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்று நின்ற அந்த லூத்தர், 1529-ல் வீடுகளுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் முதலில் வைத்தது பத்துக் கட்டளைகளை. கிறிஸ்தவனுக்குச் சட்டத்தைப் பிரசங்கிக்க வேண்டாம் என்று அவருடைய கூட்டாளி அக்ரிகோலா கிளம்பியபோது, 1539-ல் அவருக்கு எதிராகவே எழுதினார்.

சட்டத்தைக் கண்டு உனக்கு ஏன் கசப்பு என்று எனக்குப் புரியாமல் இல்லை. நீயும் நானும் வளர்ந்த விதம் அப்படி. மறைக்கல்வி வகுப்பில் கட்டளையை மாற்றிச் சொன்னால் முட்டி போட வைத்தார்கள். கடவுள் நோட்டும் பேனாவுமாக நிற்கிறார் என்று நினைத்து நடுங்கி வளர்ந்தேன். அந்தப் பயத்திலிருந்து உன் ஜெபக்கூட்டம் உன்னை வெளியே கொண்டுவந்தது என்றால், அதற்கு நான் நன்றி சொல்கிறேன். நீ குடியை விட்டது அங்கேதான். உன் அம்மா அதற்காக எத்தனை ராத்திரி அழுதாள் என்று கூடப்பிறந்த எனக்குத் தெரியும். கட்டளைகளைக் கைக்கொண்டு யாரும் பரலோகத்தைச் சம்பாதிக்க முடியாது. அதில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை.

ஆனால் வரிசையைக் கவனி. யாத்திராகமம் 20-ல் பத்துக் கட்டளைகள் எப்படித் தொடங்குகின்றன? கொலை செய்யாதே என்று தொடங்கவில்லை. உன்னை அடிமை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்த கடவுள் நான் என்று தொடங்குகிறது. கடல் பிளந்து, பார்வோன் முழுகி, ஜனங்கள் மறுகரை ஏறிய பிறகுதான் சட்டம் வருகிறது. முதலில் மீட்பு. அப்புறம், மீட்கப்பட்டவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி வாழ்வது என்கிற பேச்சு. எகிப்தில் அவர்களை அளவு சொல்லி அளவு சொல்லித்தான் அடித்தார்கள்; வைக்கோலைக் கொடுக்காமல் செங்கல் கணக்கை மட்டும் குறையாமல் கேட்டார்கள். அங்கிருந்து வந்தவன் இன்னொருவனுக்கு அளவைக் குறைக்கலாமா?

உன் அம்மாச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கருவாட்டுக் கூடையோடு ராமநாதபுரம் சந்தைக்குப் போவாள், நானும் கூடப் போவேன். தராசு முள் நேராக நின்ற பிறகு இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவாள். ஏனம்மா என்று ஒருநாள் கேட்டேன். “கடலக் குடுத்தவரு அளந்தா குடுத்தாரு?” என்றாள். கிருபையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் அதைப் போல ஒன்று இல்லை.

ஓரியூருக்கு நீ சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய். அந்தச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வந்து பள்ளிக்கூடப் பையில் வைத்திருந்தாய். அருளானந்தர் எதற்காக வெட்டுப்பட்டார் என்று அன்று உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். லிஸ்பனில் பிறந்து, இங்கே வேதம் சொல்ல வந்த குருவானவர். 1686-ல் இந்த மறவர் சீமையில் பிடிபட்டு வதைபட்டு, ஐரோப்பாவுக்குப் போய், மறுபடியும் இங்கேயே திரும்பி வந்தவர். சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோய் நீங்கி ஞானஸ்நானம் கேட்டு வந்தார். அவருக்குப் பல மனைவியர். ஒருத்தியோடு மட்டும் வாழ்வதென்றால்தான் ஞானஸ்நானம் என்று அருளானந்தர் சொன்னார், தடியத்தேவர் சம்மதித்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, அப்போது இந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை விழுந்தது.

விலக்கப்பட்ட அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். அவர்கள் செய்த தப்பு என்ன? அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் நீ சொல்கிற கிருபை மட்டும் அவர் பிரசங்கித்த கிருபையாக இருந்திருந்தால், ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டு விஷயம் உங்கள் விருப்பம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அரச குடும்பத்து ஆதரவும் கிடைத்திருக்கும், உயிரும் தப்பியிருக்கும். விபசாரம் செய்யாதே என்கிற ஆறாம் கட்டளைக்கு அவர் கொடுத்த விலை அது. உன் சபைக் கணக்கில் அது ஏழாவது, எண்ணிக்கைதான் வேறு.

ஓய்வுநாள் கட்டளையை மட்டும் ஏன் ஞாயிற்றுக்கு மாற்றினீர்கள் என்று நீ கேட்பாய். அது லேசான கேள்வி இல்லை, சபைகளுக்குள்ளேயே ஒரே பேச்சு கிடையாது. இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை படகு இறங்காத கரையில் வளர்ந்தவள் நான். அந்த ஒரு நாளில் அப்பா வீட்டில் இருந்தது என் ஞாபகத்தில் நிற்கிறது.

உன் கையில் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எல்லா ஷெட்டிலும் இப்படித்தான், கம்பெனி சொல்வதைத்தான் செய்கிறேன் என்றும் நீ அன்று சொன்னாய். வரி வசூலித்த சக்கேயுவும் அப்படிச் சொல்லியிருக்கலாம். அவனுக்கு மேலே ரோமாபுரியே இருந்தது. இயேசு அவன் வீட்டுக்குப் போனார். திருப்பிக் கொடு என்று அவர் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. அவனாகவே எழுந்து நின்று, யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் தருகிறேன் என்கிறான். அந்த நாலு மடங்கு எங்கே இருக்கிறது தெரியுமா? திருடிய ஓர் ஆட்டுக்கு நாலு ஆடு என்று யாத்திராகமம் 22-ல். கிருபை வாசலுக்குள் வந்ததும் அவன் வாயில் வந்தது மோசேயின் சட்டம்.

நாலு மடங்கு நான் கேட்கவில்லை. கூடைக்கு முக்கால் கிலோ, நீ தராசில் நின்ற நாள் முதல். கம்பெனிக்காரரிடம் பேச வேண்டுமென்றால் நானும் வருகிறேன். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல், அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம். உன் பெரியப்பாவுக்குத் தெரிந்த இடங்கள் இரண்டு மூன்று இருக்கின்றன.

சனிக்கிழமை தங்கச்சிமடத்துக்கு வா. நண்டுக் குழம்பு வைக்கிறேன். வரும்போது அந்த எடை நோட்டையும் எடுத்துக்கொண்டு வா.

உன் பெரியம்மா