மக்லெனன் பெயர் தாங்கிய கட்டடம்

ரொறன்ரோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாயிருக்க வேண்டுகின்றேன். என் முகவரியிலுள்ள மக்லெனன் யார் என்று கேட்டிருந்தீர்கள். சென் ஜோர்ஜ் வீதியில் எங்கள் பௌதிகவியல் துறை இயங்கும் கட்டடத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1967 இல் திறக்கப்பட்ட கொங்கிறீற் கட்டடம் அது. பனிக்காலத்தில், வீதிக்குத் தூவிய உப்பு எல்லோருடைய சப்பாத்துகளிலும் ஒட்டிவந்து வாசல் தரையெங்கும் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். மேலே எழும் கோபுரத்துக்கு அவருடைய மாணவர் பேர்ட்டனின் பெயர். அதன் உச்சியில் தொலைநோக்கிகள் இருக்கின்றன.

ஜோன் கன்னிங்ஹாம் மக்லெனன் 1867 இல் ஒன்ராறியோவின் இங்கர்சோல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது, ஆகாயக் கப்பல்களுக்கு ஹீலியம் தேடிய பிரித்தானியக் கடற்படைக்காகக் கனடாவின் இயற்கை வாயுக் கிணறுகளை ஆராய்ந்தார். போர் முடிந்தபின் அந்த வாயுவைக் கொண்டே, நெதர்லாந்தின் லைடனில் பௌதிகவியலாளர் கமர்லிங் ஒன்னெஸ் 1908 இல் முதன்முதலாகச் சாதித்ததை 1923 இல் இங்கே செய்து காட்டினார். மறை 269 பாகை செல்சியசில் ஹீலியத்தைத் திரவமாக்கிய உலகின் இரண்டாவது ஆய்வுகூடம் இதுவே.

நிறமாலையை நெடுங்காலம் கற்பித்த உங்களுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். வடதுருவ ஒளியில் தெரியும் 5577 அங்ஸ்ட்ரம் அலைநீளமுடைய பச்சை நிறமாலைக் கோடு எந்த மூலகத்துக்குரியது என்பது பல பத்தாண்டுகளாகப் புதிராக இருந்தது. மக்லெனனும் மாணவர் கோர்டன் ஷ்றமும் ஒட்சிசனுடன் ஹீலியத்தைக் கலந்து, அதனூடாக மின்சாரம் பாய்ச்சி, அதே கோட்டைக் குழாய்க்குள் வரவழைத்து, அது ஒட்சிசன் அணுவினுடையது என்று 1925 இல் நிறுவினார்கள். வானத்தில் நிகழ்வதை மேசைமேல் நிகழ்த்திய இந்தச் சோதனையையே அவருடைய பணிகளில் தலையாயதாக நான் மதிக்கிறேன்.

1932 இல், அவர் ஓய்வு பெற்ற ஆண்டில், அவரும் உடன் உழைத்தவர்களும் மற்றொன்றைக் கவனித்து எழுதிவைத்தார்கள்: குளிர்ச்சி ஏறக்குறைய 2.2 கெல்வினுக்கு, அதாவது மறை 271 பாகை செல்சியசுக்குக் கீழே போனதும், கொதித்துக்கொண்டிருந்த திரவ ஹீலியம் சட்டென்று குமிழி விடாமல் அடங்கிவிட்டது. உராய்வே இல்லாமல் ஓடும் இயல்பு அதற்கு உண்டு என்பது 1938 இல் மொஸ்கோவிலும் கேம்பிரிட்ஜிலும் தனித்தனியே தெரியவந்தது. கேம்பிரிட்ஜில் அதைக் கண்ட அலனும் மிசனரும் இந்தத் துறையில் படித்துப் போனவர்கள். மக்லெனன் அதைப் பார்க்க இருக்கவில்லை; 1935 இல் பிரான்சில், ரயில் பயணத்திலேயே காலமாகிவிட்டார்.

அன்பு மகன்