38 ஊரில் எங்களுக்குக் கிளை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடை வைத்திருக்கிறேன். மாமனார் காலத்துப் பட்டறை கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. சுவாமிமலையில் சிலை வார்க்கிறவர்கள், திருபுவனத்தில் பட்டு நெய்கிறவர்கள், தஞ்சாவூரில் தட்டு செய்கிறவர்கள் என்று நம் பக்கத்தில் பலரும் இப்போது வெப்சைட் வைத்திருக்கிறார்கள். போன வருஷம் எனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான், கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே எழுதுகிறேன்.

எங்கள் வெப்சைட்டை 2019-இல் அக்கா மகள் போட்டுக் கொடுத்தாள். பத்துப் பதினைந்து படம், உயரம், எடை, விலை, போன் நம்பர். அதை வைத்தே வாரத்துக்குப் பதினைந்து இருபது பேர் கூப்பிடுவார்கள். போன வருஷம் ஆடியில் ஒருவர் கடைக்கு வந்தார். "உங்க சைட் கூகுள்ல மூணாவது பக்கத்துல கிடக்குதும்மா. ஆறே மாசத்துல முதல் பக்கம், முதல் இடம். உத்தரவாதம்" என்றார். 18 ஆயிரம் ரூபாய் கேட்டார், கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டார், அதையும் கொடுத்தேன்.

ஆவணியில் போன் அதிகமாக வந்தது உண்மை. ஒருநாள் தர்மபுரியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "உங்க தர்மபுரி கிளை எந்தத் தெருவுல இருக்கு? அரை மணி நேரமா பஸ் ஸ்டாண்டு பக்கம் தேடுறோம்" என்றார். கைக்குழந்தை அழுகிற சத்தம் போனில் கேட்டது. எங்களுக்கு ஒரே கடைதான் என்று சொன்னதும் அவர் கோபப்படக்கூட இல்லை, "சரிம்மா" என்று வைத்துவிட்டார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆளைக் கேட்டேன். "டெக்னிக்கல் விஷயம், கண்டுக்காதீங்க" என்றார்.

ஐப்பசி பாதியில் போன் நின்றுபோனது. கடையின் பெயரையே அடித்துத் தேடினாலும் எங்கள் சைட் வரவில்லை. தீபாவளிக்கு வந்த அக்கா மகள் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். சர்ச் கன்சோல் என்று ஒன்றை கூகுள் இலவசமாகக் கொடுக்கிறது. நம் சைட்டில் என்ன குறை என்று சொந்தக்காரருக்குச் சொல்லும் இடம் அது. எங்களுடையதை அந்த ஆள் தன் மெயிலில் வைத்திருந்தார். அக்கா மகள் அதை எங்கள் பெயருக்கு மாற்றித் திறந்தபோது, 'மேனுவல் ஆக்‌ஷன்' என்ற பகுதியில் எங்கள் சைட்டைத் தண்டித்திருப்பதாக அறிவிப்பு இருந்தது. கூகுளில் ஒரு மனிதரே பார்த்துவிட்டு, விதியை மீறியிருக்கிறீர்கள் என்று எடுக்கும் நடவடிக்கை அது. அறிவிப்பு வந்து பத்து நாளாகியிருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால், தமிழ்நாட்டின் 38 மாவட்டத்துக்கும் ஒவ்வொரு பக்கம். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், ஊர்ப்பெயர் மட்டும் வேறு. "எங்கள் நீலகிரி கிளைக்கு வாருங்கள்", "எங்கள் ராணிப்பேட்டை கிளைக்கு வாருங்கள்". தர்மபுரி அம்மா அலைந்தது இதனால்தான். ஆளைப் பிடித்து இழுப்பதற்காக மட்டும் போடுகிற இந்த மாதிரிப் பக்கங்களை வாசல் பக்கங்கள் என்கிறார்கள். 2006-இல் பி.எம்.டபிள்யூ கம்பெனியின் ஜெர்மனி சைட்டையே இதற்காக கூகுள் தன் தேடலிலிருந்து தூக்கியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் நாச்சியார்கோவில் விளக்குக்கடை எந்த மூலைக்கு?

அப்புறம் அவள் ஒன்று காட்டினாள். முதல் பக்கத்தின் அடியில் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் மௌஸை அழுத்தி இழுத்தாள். நீலம் படர்ந்துகொண்டே போக, அதற்குள்ளிருந்து எழுத்துகள் எழும்பின. குத்துவிளக்கு, குத்துவிளக்கு விலை, பித்தளை விளக்கு, மலிவு குத்துவிளக்கு, மறுபடி குத்துவிளக்கு என்று நாற்பது ஐம்பது வரி. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. வாங்க வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது, கூகுளின் இயந்திரம் மட்டும் படிக்கும் என்ற எண்ணம். எங்கள் தொழிலில் விளக்கை எடைக்கு விற்கிறோம். பாதத்தின் உள்கூட்டில் அரக்கும் மணலும் அடைத்து எடை கூட்டுகிறவனை என் மாமனார் வாசற்படி ஏற விடமாட்டார். அவர் ஆரம்பித்த கடையின் பெயரில் அதே வேலை நடந்திருக்கிறது.

மூன்றாவது, காசு கொடுத்து வாங்கிய லிங்க். ரம்மி ஆடும் சைட்டிலும், உடனடிக் கடன் தரும் சைட்டிலும், மொழியே தெரியாத ஏதேதோ சைட்டிலும் எங்கள் கடைக்கு லிங்க் இருந்தது. கல்யாணத்துக்கு நாதஸ்வரம் பேச வேண்டுமென்றால் விஷயம் தெரிந்த நாலு பேரிடம் விசாரிப்போம் இல்லையா? லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்தபோது கூகுளுக்குப் போட்ட அடித்தளமே அதுதான். ஒரு பக்கத்தை யார் யார் சுட்டிக்காட்டுகிறார்கள், அவர்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்ப்பது. அந்த நாலு பேரையும் கூலிக்குப் பிடித்தால் விசாரித்து என்ன பயன்? அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடை 2011-இல் இப்படி மாட்டிக்கொண்டது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபின், மனிதர் பார்க்காமலே இயந்திரம் கீழே தள்ளவும் ஆரம்பித்தது. அப்படித் தள்ளினால் அறிவிப்புகூட வராது.

சரி, சரிசெய்தோம். 38 பக்கத்தையும் அழித்தோம். வெள்ளை எழுத்தைத் துடைத்தோம். லிங்க் வைத்திருந்த சைட்டுகளுக்கு எடுக்கச் சொல்லி எழுதினோம். பதில் வராத சைட்டுகளை, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று பட்டியல் போட்டு கூகுளுக்குக் கொடுத்தோம். பிறகு என்ன தப்பு நடந்தது, என்னென்ன திருத்தினோம் என்று ஒளிக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். மூன்று வாரத்தில் தண்டனையை நீக்கினார்கள். அதற்குள் கார்த்திகை தீபம் போய்விட்டது. வருஷத்தில் எங்களுக்கு விளக்கு ஓடுகிற மாதம் அது. வார்த்து, கடைந்து, பாலீஷ் போட்டு அடுக்கியிருந்த அன்ன விளக்குகள் தை வரைக்கும் அப்படியே நின்றன.

தண்டனை கொடுத்தது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். தர்மபுரி அம்மாவைக் கேட்டால் அதுதான் நியாயம் என்பார். விதிகளெல்லாம் கூகுளே எழுதி வைத்திருப்பவை, நான் படிக்காமல் விட்டேன். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். விளம்பரத்துக்குத்தான் காசு வாங்குவார்கள், விளம்பரம் என்று அதன் மேலேயே போட்டிருக்கும். தேடலில் மேலே வர கூகுளுக்குக் காசு கட்ட வழியே கிடையாது. ஆகவே உத்தரவாதம் என்று ஒருவர் வாயெடுத்தாலே அனுப்பிவிடலாம். எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் வேலைக்கு வைப்பவரிடம், எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள், எந்தெந்த சைட்டில் லிங்க் வரவைத்தீர்கள் என்று மாதாமாதம் எழுதி வாங்குங்கள். சைட்டின் பெயர்ப் பதிவும் சர்ச் கன்சோலும் உங்கள் மெயிலிலேயே இருக்கட்டும். ஏஐ வைத்து நூறு கட்டுரை போட்டுத் தருகிறேன் என்று இப்போது வேறு கிளம்பியிருக்கிறார்கள். தேடலில் ஏறுவதற்கென்றே உபயோகமில்லாத பக்கங்களைக் குவித்தால், அதை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் குற்றமே என்று 2024 மார்ச்சிலேயே விதியில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது எங்கள் சைட்டில் நானே எழுதுகிறேன். காவிரி வண்டலில் அச்சு எடுப்பதைப் பட்டறையிலேயே படம் பிடித்துப் போட்டேன். விளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றிப் புளி போட்டுத் தேய்ப்பது எப்படி, திரும்பப் பூட்டும்போது மரை பிசகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு பக்கம் எழுதினேன். அதிகம் பேர் வருவது அதற்குத்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கூகுளின் இந்த விதிகளை எளிய தமிழில், எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள். மாவட்டத் தொழில் மையம் நடத்தும் பயிற்சிகளிலும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நன்றாக இருக்கும். போன வாரம் திருபுவனத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி போன் பண்ணினார். ஆறு மாசம், முதல் இடம், உத்தரவாதம் என்று ஒருவர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாராம். இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றார்.

இப்படிக்கு,
குத்துவிளக்குக் கடை நடத்தும் ஒரு வாசகி,
நாச்சியார்கோவில்.