மண்ணுக்குள் வைத்த படங்கள்

அன்புள்ள அக்கா,

வார்சா வந்து நாலு மாதமாகிறது. குளிர் பழகிவிட்டது, சாப்பாடுதான் இன்னும் பழகவில்லை. அதை விடு. போனில் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் குடியிருக்கும் முரானூவ் பகுதியில் பல வீடுகள் தெருவைவிட உயரமாக, மேட்டின் மேல் நிற்கும். ஏன் என்று கூட வேலை செய்கிறவரிடம் கேட்டேன். யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ இங்கேதான் இருந்ததாம். நாஜிகள் தரைமட்டமாக்கிப் போட்ட இடிபாடுகளை அள்ளி மாளாமல், போருக்குப் பிறகு அதன் மேலேயே கட்டிவிட்டார்கள். தினமும் காய்கறிப் பையோடு நான் ஏறுகிற படிக்குக் கீழே யாரோ ஒருவருடைய வீடு.

ஞாயிற்றுக்கிழமை யூத வரலாற்று நிறுவனத்துக்குப் போனேன். வாசல் கூடத் தரையில் கருகிய தடம். பக்கத்திலிருந்த பெரிய தொழுகைக்கூடத்தை 1943 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தபோது பிடித்த தீயாம், அப்படியே விட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு பால் கேன், துருப்பிடித்தது, நம் பால்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவாரே, கிட்டத்தட்ட அதே உருவம். கெட்டோவுக்குள் ரிங்கல்பிளம் என்ற வரலாற்றாசிரியர் ரகசியமாக ஆட்களைச் சேர்த்து நாட்குறிப்பு, கவிதை, மிட்டாய்த் தாள் வரை சேகரித்திருக்கிறார். அதையெல்லாம் தகரப் பெட்டிகளிலும் இந்த மாதிரிப் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்துவைத்தார்கள். கொல்கிறவன் எழுதிவைக்கும் கணக்கு மட்டும் மிஞ்சிவிடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை.

அந்தக் குழுவில் கெலா செக்ஷ்டாயின் என்ற ஓவியரும் இருந்தார், அக்கா. 1942 ஆகஸ்டில், ஆட்களை ரயிலேற்றி ட்ரெப்லிங்கா என்ற கொலை முகாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில், தான் வரைந்த படங்களையும் ஒரு கடைசிக் குறிப்பையும் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். புகழ் வேண்டாம், என்னையும் என் மகள் மார்கோலிட்டையும் நினைவில் வைத்திருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். மகளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அவர் கணவரும் இரண்டு இளைஞர்களும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில் புதைத்தார்கள். 1946-இல் தோண்டியெடுத்தபோது பெட்டிகளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. நீர்வண்ணப் படங்கள், யோசித்துப் பார். அப்படியும் தப்பித்துவிட்டன, அதிலும் குழந்தைகளின் முகங்கள்தான் எத்தனை! தாயும் மகளும் பிழைக்கவில்லை.

பால் கேன்கள் 1950-இல் கிடைத்தன. மூன்றாவதாகப் புதைத்தது மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் படியேறும்போது கால் கொஞ்சம் தயங்குகிறது.

பாப்பா கிறுக்கும் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதே அக்கா. பின்பக்கம் பேரும் தேதியும் எழுதி வை, வரும்போது பார்க்கிறேன்.

உன் தம்பி