தவணை முடிந்தது, அக்கா

சரே, இங்கிலாந்து
13.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். அங்கு அம்மா, அத்தான், குட்டி, நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

பெரியண்ணா கொண்டுவந்த பார்சலும், மிளகாய்த்தூள் பைக்கு அடியில் நீங்கள் மடித்து வைத்த கடிதமும் வெள்ளிக்கிழமை கைக்குக் கிடைத்தன. தூள் கொஞ்சமும் கொட்டவில்லை. புழுக்கொடியலை அறையில் என்னோடு இருக்கும் மட்டக்களப்புத் தம்பிக்கும் கொடுத்தேன். கடையில் ஒரு தேங்காய் வாங்கிவந்து, சொட்டு வெட்டி, இரவு பதினொரு மணி மட்டும் இருவரும் சப்பிக்கொண்டு இருந்தோம்.

போனில் நாள்தோறும் கதைக்கிறோம்தான். ஆனால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் சொல்லாமல் விடுகிற விஷயமெல்லாம் கடிதத்தில்தான் வருகிறது. அதனால் நானும் கடிதமாகவே எழுதுகிறேன். பெரியண்ணா கலியாணவீட்டு அலுவல் முடிந்து அடுத்த கிழமை திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவேன். குட்டி நான் சமையலறையில் வேலை செய்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். முன்பக்கங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். கடைசி இரண்டு பக்கமும் உங்களுக்கும் அத்தானுக்கும்.

பள்ளிக்கூடம் புதன்கிழமை மூடிவிட்டது. அரசாங்கப் பள்ளிக்கூடங்களுக்கு இன்னும் ஒரு கிழமைக்கு மேல் இருக்கிறது. காசு கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடங்கள் எப்போதும் முந்தி மூடும். நான்கு வயதில் சேரும் பிள்ளைகள் 13 வயது மட்டும் எங்களிடம் படித்துவிட்டுப் பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் போவார்கள். எட்டு வயதிலேயே விடுதியில் தங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைக்கே ஒரு தவணைக்கு ஏழாயிரம், எட்டாயிரம் பவுண் கட்ட வேண்டும். வருடத்துக்கு மூன்று தவணை, எங்கள் ஊரைப் போலத்தான்.

கடைசி நாள் பரிசளிப்பு விழா. கிரிக்கெட் மைதானத்தில் பெரிய வெள்ளைக் கூடாரம் அடித்து, தாய்மார் தொப்பி போட்டு, தகப்பன்மார் கோட் போட்டு வந்திருந்தார்கள். இந்த வருடம் இங்கே நல்ல வெயில், கூடாரத்துக்குள் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. நாங்கள் விடியப்புறமே போய்விட்டோம். ஸ்ட்ரோபெரி காம்பு கிள்ளிக் கிள்ளி என் விரல்நுனி இன்னும் சிவப்பாக இருக்கிறது. அம்மா கேட்டால் சாயம் என்று சொல்லுங்கள், வெட்டுப்பட்டுவிட்டதோ என்று பயப்படுவா.

சமையலறை ஒழுங்கை அம்மாவுக்கும் சொல்லுங்கள், அவவுக்குப் பிடிக்கும். வெட்டுப்பலகைக்கு ஒவ்வொரு நிறம் உண்டு. பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், சலாட்டுக்கும் பழத்துக்கும் பச்சை, மரக்கறிக்கு மண்ணிறம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு ஊதா. ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள் 14 என்று சட்டத்திலேயே இருக்கிறது, அவை எந்தச் சாப்பாட்டில் இருக்கின்றன என்று சொல்லியே ஆக வேண்டும். எள்ளும் அதில் ஒன்று, ஆகவே அம்மாவின் எள்ளுருண்டை இந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டவே முடியாது. எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று படத்தோடு சுவரில் ஒட்டியிருக்கிறோம். அந்த முகங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

பரிசு முதலாம் பிள்ளைக்கு மட்டும் என்றில்லை. கணக்கு, லத்தீன், கிரிக்கெட், வயலின் எல்லாவற்றுக்கும் கிண்ணம் இருக்கிறது, முயற்சிக்கென்றும் தனியாக உண்டு. எனக்குப் பெரிய சந்தோஷம் எங்கள் கோழிக்காரனுக்குக் கிடைத்ததுதான். பள்ளிக்கூடத் தோட்டத்தில் ஆறு கோழி நிற்கிறது. பத்து வயதுப் பெடியன் ஒருவன் காலமை ஒவ்வொரு நாளும் கூட்டைத் திறந்து, தண்ணீர் மாற்றி, முட்டையைப் பொறுக்கி, எத்தனை என்று ஒரு துண்டில் எழுதி, சமையலறைப் பின்கதவில் வந்து என் கையில் தருவான். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அதை எடுப்பதில்லை, ஆசிரியர்கள் உண்டியலில் காசு போட்டு வாங்கிப் போவார்கள். படிப்பில் பின்வாங்கில்தான். அவனைப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு, கோழிகளைப் பார்த்ததற்காக ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள். தகப்பன் எழும்பி நின்று கைதட்டினார். நானும் தட்டை கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.

அத்தானுக்கு ஒரு செய்தி: எங்கள் பள்ளிக்கூட முதலாம் அணி இந்தத் தவணை ஒரு மட்ச்கூடத் தோற்கவில்லை. ஆனால் மட்ச் நடக்கும்போது பார்க்கிறவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். நாலு ரன் போனால் மெல்லக் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். 1904இலிருந்து யாழ்ப்பாணத்தில் சென்றலும் சென் ஜோன்சும் விளையாடுகிற ‘வடக்கின் போர்’ மட்ச்சை இவர்களுக்கு ஒருநாள் காட்ட வேண்டும். பாண்ட் வாத்தியம், கொடி, பழைய மாணவர் ஆட்டம், மைதானத்துக்குள் ஓட்டம்! இல்ல விளையாட்டுப் போட்டியும் அப்படித்தான். இங்கே இல்லம் என்றால் நிறத்தில் ஒரு சட்டை. நாங்கள் இரவிரவாக இருந்து குருத்தோலை பின்னி, வாசல் கட்டி, இல்லம் சோடித்ததைச் சமையல்காரருக்கு விளங்கப்படுத்தினேன். “அதற்கும் புள்ளி உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். பெரிய விஷயம் என்றார்.

13 வயதில் போகிற பிள்ளைகளுக்குக் காமன் என்ட்ரன்ஸ் என்று ஒரு பரீட்சை. இது போக, பெரிய பள்ளிக்கூடங்கள் தாங்களாகவும் புலமைப்பரிசில் பரீட்சை வைக்கும். படிப்புக்கு, சங்கீதத்துக்கு, விளையாட்டுக்கு, சித்திரத்துக்கு என்று தனித்தனி. கிடைத்தவர்களின் பெயரைச் சாப்பாட்டு மண்டபத்துப் பலகையில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். அதற்கென்றே ஒரு வயதானவர் தூரிகையோடு வருவார். ஒரு பெயரை எழுதி முடிக்க அவருக்கு ஒரு தேத்தண்ணி நேரம் போதும்.

இந்தப் பக்கத்திலிருந்து குட்டிக்கு வாசிக்க வேண்டாம், அக்கா.

நான் நிற்பது தட்டுகள் திரும்பி வருகிற யன்னலில். பிள்ளைகள் மிச்சத்தை வாளியில் தட்டிவிட்டுத் தட்டை என்னிடம் தள்ளுவார்கள். பரீட்சைக் கிழமையில் வாளி நிரம்பிவிடும். மற்ற நாளில் இரண்டாம் தரம் கேட்டு வருகிற பெடியன் பாஸ்தாவைத் தொடாமல் அப்படியே தள்ளிவிட்டுப் போவான். ரீச்சர்மாருக்கு முன்னம் எங்களுக்குத்தான் தெரியும், எந்தப் பிள்ளைக்குப் பயம் பிடித்திருக்கிறது என்று. போன மாசி மாதம் ஒரு பிள்ளை புலமைப்பரிசில் கிடைக்காமல் வந்து, சாப்பாட்டுத் தட்டோடு என் யன்னலுக்கு முன்னால் நின்றாள். தட்டை விடவும் இல்லை, தரவும் இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது. நான் மெல்ல வாங்கி வைத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். அவ்வளவு காசு கட்டிப் படிக்கிற வீட்டுப் பிள்ளை, அதே பயம்தான்.

ஆகவே குட்டியின் மாதிரி வினாத்தாளில் 200க்கு 121 வந்ததென்று நீங்கள் எழுதியதைவிட, அவள் இரவில் சோறு வேண்டாம் என்கிறாள் என்று ஒரு வரி எழுதினீர்களே, அதுதான் எனக்குள் நிற்கிறது. ஓகஸ்ட் 10, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் நாலு கிழமை இருக்கிறது. ரியூசன் ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கை விடுங்கள். நிற்பாட்டின சங்கீத வகுப்புக்குத் திரும்ப அனுப்புங்கள். நான் எளிதாகச் சொல்லவில்லை. வேம்படி மகளிர் பள்ளிக்கூடம் கிடைத்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும், அம்மாவின் ஆசையும் தெரியும். ஆனால் பத்து வயதில் சாப்பிடாமல் படித்துப் பிடிக்கிற பள்ளிக்கூடம் எங்களுக்கு வேண்டாம்.

பரிசளிப்பு அன்று ஒரு தாய் தேத்தண்ணி மேசைக்குப் பின்னால் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி எவ்விடம்?” என்று தமிழில் கேட்டா. அப்படிக் கேட்டு எவ்வளவு காலம்! கோண்டாவில் என்றேன். அவ பருத்தித்துறை, இங்கே டொக்டர். அவவின் மகள்தான் வயலினில் 150க்கு 130க்கு மேல் எடுத்து அதிசிறப்புச் சித்தி பெற்றவள். “நான் ஐந்தாம் வகுப்பில் ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணினனான் தம்பி. அந்த வருஷம் ஒரு நாளாவது விளையாடினதாய் ஞாபகம் இல்லை. இவளைப் பார்க்க எனக்குப் பொறாமை” என்றா. அவ பகிடி பண்ணவில்லை, அக்கா. கண் கலங்கியிருந்தது.

பக்கத்து வீட்டுக் கிழவியைப் பற்றி அம்மா கேட்டவ. சுகமாக இருக்கிறா. காலமை ஒன்பது மணிக்கு முற்றத்தில் இருக்கிற மழைமானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிற வேலை இன்னும் நடக்கிறது. முப்பது வருடத்துக் கொப்பி அடுக்கி வைத்திருக்கிறா. இந்த வருடம் இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கு மேலாகக் காணாத வறண்ட வசந்தமாம், பக்கம் பக்கமாகச் சைபர். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து யாழ்ப்பாணத்தில் மழை எப்போது என்று கேட்டா. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான், கிணறும் குளமும் அந்த மூன்று மாதத்தை நம்பித்தான் என்றேன். உடனே உள்ளே போய் எழுதி வைத்துவிட்டா. இனி மாரி வந்தால் எத்தனை மில்லிமீற்றர் என்று என்னிடம் கேட்பா. அத்தான் கொஞ்சம் பேப்பரைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை ஆடிப்பிறப்பு. மட்டக்களப்புத் தம்பிக்குக் கூழ் காய்ச்சித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். லண்டன் டூட்டிங்கில் அரிசிமாவும் பயறும் வாங்கலாம், பனங்கட்டியும் கிடைக்கிறது. ஆனால் கூழை அள்ளிக் குடிக்கப் பிலாவிலைக்கு எங்கே போவது? பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு சாப்பாட்டு மண்டபத்தை நானும் இன்னொருவருமாகக் கழுவினோம். அவர் நேரத்தோடு போய்விட்டார். நான் வாங்கில் கொஞ்சம் இருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து “சின்னவன், வந்து குடியடா, ஆறுது” என்று கூப்பிடுகிற சத்தம் காதுக்குள் வந்தது. அக்கா, எனக்கு ஒருநாள் வந்து எங்கள் கிணற்றில் அள்ளிக் குளித்தால் போதும். கறுத்தக்கொழும்பான் மாங்காய் காய்க்கிற காலத்தில் எத்தனை வருடம் வீட்டில் இல்லை. 29ஆம் திகதி நல்லூரில் கொடியேற்றம். அம்மா நடக்கக்கூடியதாக இருந்தால் ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு போய், எனக்காக ஒரு கற்பூரம் கொளுத்துங்கள்.

சரி, அதை விடுவோம்.

இந்த மாதமும் அடுத்த மாதமும் காசு இரண்டு தடவையாக வரும். எங்களுக்குச் சம்பளம் தவணைக் காலத்துக்குத்தான். விடுமுறைக்கு ஒரு கடையில் இரவு வேலை பார்த்து வைத்திருக்கிறேன், பகலில் சும்மா படுத்துக் கிடக்காமல் அதுவும் நல்லதுதான். ஜனவரியிலிருந்து இந்தப் பள்ளிக்கூடங்களின் கட்டணத்துக்கு 20 வீதம் வரி போட்டிருக்கிறார்கள். சில பெற்றோர் பிள்ளைகளை மாற்றிவிட்டார்கள். செப்டம்பரில் சமையலறையில் ஆள் குறைப்பார்கள் என்று ஒரு கதை அடிபடுகிறது. நீங்கள் யோசிக்க வேண்டாம், சமையல்காரருக்கு என்னில் நல்ல விருப்பம். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அம்மாவின் கண்: பெரியாஸ்பத்திரியில் திகதி தந்தால் தள்ளிப்போட வேண்டாம். “தேர் முடியட்டும்” என்று சொல்லுவா, கேட்காதீர்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு விறகடுப்புக்குக் கிட்டப் போக விடக்கூடாது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட வேண்டும், அந்தப் பொறுப்பைக் குட்டியிடம் கொடுக்கலாம். அவள் வடிவாகச் செய்வாள்.

கிழக்கு வேலி விஷயத்தில் அத்தான் சின்னையா மாமாவோடு வாய் கொடுக்க வேண்டாம். கதியாலை அவர் உள்ளே தள்ளி நட்டிருந்தால் சேவையரைக் கூப்பிட்டு அளப்போம். காணி உறுதி அம்மாவின் பெட்டகத்தில் சேலைக்கு அடியில் இருக்கிறது, காணிப் படமும் அதோடுதான். அளக்கிற செலவை நான் பார்க்கிறேன். ஆனால் மாமியின் திவசம் ஆவணியில் வருகிறது. அது முடியும் மட்டும் ஒன்றும் தொடங்க வேண்டாம். ஒரே பந்தியில் இருந்து சாப்பிடப் போகிறவர்கள்.

குட்டியின் பாதத்தைக் கடதாசியில் வைத்து வரைந்து, படம் பிடித்து அனுப்புங்கள். இங்கே விடுமுறை மலிவு விற்பனையில் நல்ல ஓட்டச் சப்பாத்து வாங்கலாம். பரீட்சை முடிவு எதுவானாலும் அது அவளுக்குத்தான்.

அத்தானுக்கும் பேபி அக்காவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
சின்னவன்

பி.கு.: ரியூசன் காசுக்குச் சங்கிலியை அடைவு வைத்தோம் என்று எழுதினீர்கள், எப்போது மீட்க வேண்டும் என்று எழுதவில்லை. துண்டைப் படம் பிடித்து அனுப்புங்கள். திகதி தாண்டினால் வட்டி ஏறிவிடும்.