மனை பிரியும் முன் தெருவை வரையுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், மூன்றாம் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022இல் அரசாணை வெளியானது. புதிதாகச் சேர்ந்த ஊர்களில் பல இன்னும் வயலும் தரிசுமாகவே இருப்பதால், அங்கே மனை விற்பனை முழுவீச்சில் தொடங்குமுன் தெருக்களின் போக்கை வரைபடத்தில் உறுதிசெய்யுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

பழைய மாமல்லபுரம் சாலையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அங்கே நிலம் புல எண் (சர்வே எண்) வாரியாகக் கைமாறியது. வாங்கியவர் ஒவ்வொருவரும் பிரதான சாலையிலிருந்து தம் நிலத்தின் கடைசி வரை ஒரு தெரு போட்டு, அங்கே சுவர் எழுப்பிவிட்டார். அடுத்தடுத்த இரு குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது என்றாலும், பள்ளி வேன் பிரதான சாலைக்கு வந்து, யூ-டர்ன் வரை போய்த் திரும்பித்தான் பக்கத்து வாசலை அடைகிறது. மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், கிழக்கே பக்கிங்காம் கால்வாய் என்று இயற்கையாகவே நெருக்கப்பட்ட பகுதி அது. உள்தெருக்களும் முட்டுச்சந்துகளாகிவிட்டதால், காய்கறி வாங்கப் போகிறவரும் அலுவலகம் போகிறவரும் ஒரே சாலையில் நிற்கிறார்கள். சாலையை எத்தனை வழித்தடமாக அகலப்படுத்தினாலும் இது தீரப்போவதில்லை. இச்சாலை வழியே மாதவரம்–சிப்காட் மெட்ரோ ஓடத் தொடங்கும்போது, நேர்கோட்டில் முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்துக்குக்கூடச் சுற்றி நடக்க வேண்டியவர்கள் இரு சக்கர வாகனத்தைத்தான் எடுப்பார்கள்.

இதே நகரம்தான் 1920களில் மாம்பலம் ஏரிப்பகுதியில் தியாகராய நகரையும் அமைத்தது. (ஏரியைத் தூர்த்தது சரியா என்பது வேறு வழக்கு.) பனகல் பூங்காவைச் சுற்றி முதலில் சாலைகள் வகுக்கப்பட்டன, வீடுகள் பிறகு வந்தன, அதனால் இன்று ஒரு சாலையைத் தோண்டினாலும் வாகனங்கள் வேறு தெருவழியே போய்விடுகின்றன. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவின் போக்கையோ, பட்டாக்கள் பிரிந்து கைமாறிய பின் நிலம் கையகப்படுத்தாமல் மாற்ற முடியாது.

ஆகவே, புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போது அதன் தெரு அடுத்த நிலத்தின் எல்லையைத் தொட வேண்டும் என்றும், அங்கே ஓரடி நிலத்தைக்கூடத் தனியார் பெயரில் நிறுத்திவைத்து வழி மறிக்கக் கூடாது என்றும் விதியுங்கள். பெரிய வளாகங்கள் சுற்றுச்சுவர் கட்டிக்கொள்ளட்டும். பாதசாரிகளும் சைக்கிளில் வருவோரும் குறுக்கே கடக்கப் பொதுப்பாதை ஒன்றை ஓரமாக விடச் சொல்லுங்கள். உரிமையாளர்கள் நிலத்தில் ஒரு பங்கைச் சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டு, எஞ்சியதைச் சீரமைத்த மனைகளாகத் திரும்பப் பெறும் முறை அகமதாபாத்தில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. விரிவாக்கப் பகுதியில் முதலில் விலை ஏறும் ஊர்களிலிருந்து அதைத் தொடங்கலாம். வரைவுத் திட்டத்தை மக்கள் கருத்துக்கு வைக்கும்போது, நிலப்பயன்பாட்டைக் காட்டும் வண்ணங்களோடு உத்தேசத் தெருக்களையும் புல எண்கள்மீது வரைந்து காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெருநகரவாசி ஒருவர்