முகத்தை வெளுக்க வைப்பதா போட்டோ எடிட்டிங்?

ஐயா,

கும்பகோணத்தில் சின்னதாக ஸ்டுடியோ நடத்துகிறேன். எடிட்டிங் பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, முகத்தை வெள்ளையாக்குவது எப்படி என்றுதான். மனசு வலிக்கிறது. மாநிறம் என்ன குறையா?

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அசல் படத்தைத் தொடாமல் பிரதி எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஜேபெக் (JPEG) வகைப் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தரம் போகும். அப்புறம் கோணலை நிமிர்த்தி, வேண்டாத ஓரத்தை வெட்டுங்கள்.

நிறம்தான் முக்கியம். கல்யாண மண்டபத்து மஞ்சள் விளக்கில் வெள்ளை வேட்டியும் மஞ்சளடித்துத் தெரியும். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் கருவியால் அந்த வேட்டியில் ஒரு இடத்தைத் தொட்டாலே, பக்கத்திலிருக்கும் முகமும் பெரும்பாலும் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பிவிடும். வெளிச்சத்தைக் கூட்டும்போது படத்தின் இருட்டு, வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். அந்த வரைபடம் வலது ஓரத்தில் போய் முட்டி நின்றால், பட்டுச்சேலையின் ஜரிகை வேலைப்பாடு வெறும் வெள்ளைத் திட்டாகியிருக்கும்.

இத்தனையும் ‘கிம்ப்’ மென்பொருளில் செய்யலாம். 1996 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு பாடமாக இதை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர், கும்பகோணம்