கொழுந்து விலையைக் கேட்டால் குடும்பத்தை இழுக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவன் நான். தேர்தல் பிரசாரச் செய்திகள் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு.

எங்கள் ஊருக்கு எந்தக் கட்சி வேன் வந்தாலும் பச்சைத் தேயிலை விலையை, அதாவது கொழுந்து விலையைத் தொடாமல் போவதில்லை. தொட்ட மறு நிமிடமே பேச்சு தடம் மாறிவிடும். எதிர் வேட்பாளரின் அப்பா என்ன தொழில் செய்தார், மனைவி எந்த ஊர், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று வீட்டுக்குள்ளேயே போய்விடுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்த பிறகும் மைக் பிடித்தவர் நிறுத்துவதில்லை.

கடந்த தேர்தலில் பஸ் நிலையம் அருகே நடந்த ஒரு தெருமுனைக் கூட்டம். கொழுந்து பறித்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்ற ஒரு அம்மா, "கிலோவுக்கு எவ்வளவு வாங்கித் தருவீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். பேச்சாளர் ஒரு கணம் தடுமாறினார். அப்புறம், "இந்த அம்மாவை யார் அனுப்பினாங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். விசில் பறந்தது. அந்த அம்மா முகம் சுண்டிப் போய்க் கிளம்பிவிட்டார். மறுநாள் பத்திரிகைகளில் அந்தக் கேள்வியைக் காணோம். பேச்சாளர் எதிர் வேட்பாளரை எந்த மிருகத்தோடு ஒப்பிட்டார் என்பது மட்டும் கட்டம் கட்டி வந்திருந்தது.

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. தனியார் ஃபேக்டரிகள் கொழுந்துக்குத் தர வேண்டிய விலையைத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிறது. ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன சராசரி விலைக்குப் போகிறதோ அதை வைத்துத்தான் அந்தக் கணக்கு. வாரியம் மத்திய அரசின் கீழ் இருக்கிறது. கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு மேலே உள்ள கூட்டுறவு இணையமான இன்ட்கோசர்வும் மாநில அரசின் பொறுப்பு. இதனால் மத்தியில் ஆளும் அணிக்காரர் வந்தால் கூட்டுறவுத் தொழிற்சாலையைக் காட்டுவார், மாநிலத்தில் ஆளும் அணிக்காரர் வந்தால் வாரியத்தைக் காட்டுவார். இருவர் சொல்வதும் பாதி உண்மை. "இது எங்கள் கையில் இருக்கிறது, இதைச் செய்வோம், அது எங்கள் கையில் இல்லை" என்று பிரித்துச் சொன்ன ஒருவரையும் நான் கேட்டதில்லை.

முற்றிய இலையையும் சேர்த்து மூட்டை கட்டினால் தூளின் தரம் கெடும், ஏலத்தில் விலை போகாது என்பதை விவசாயிகளான எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்ன வேட்பாளரும் கிடையாது. ஓட்டுப் போய்விடும் என்ற பயம். எதிரியைத் திட்டுவதற்கு இருக்கும் தைரியம் எங்களிடம் உண்மை பேச இல்லை.

கட்சிகளை விமர்சிப்பவர்கள் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பொதுவாழ்வுக்குச் சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக்கூடாது, சரிபார்க்காத குற்றச்சாட்டைக் கிளப்பக்கூடாது என்று தேர்தல் நடத்தை விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. இது மேலிருந்து திணித்த சட்டம் அல்ல. 1960-இல் கேரளத் தேர்தலின்போது கட்சிகள் கூடி ஒப்புக்கொண்டதிலிருந்து வளர்ந்தது. தாங்களே ஏற்றதை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தாங்களே காற்றில் விடுகிறார்கள். வேட்பாளரின் நடத்தையைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4)-இன்படி ஊழல் நடவடிக்கைதான். ஆனால் அதற்கு முடிவு வந்தபின் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட வேண்டும். அதற்குள் அந்தப் பொய் எல்லா டீக்கடைகளையும் சுற்றி வந்திருக்கும்.

இன்னொன்று, "கீழ்நாட்டுக்காரருக்கு மலை தெரியுமா?" என்ற பேச்சு. நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியில் மலையிலுள்ள ஊட்டி, குன்னூர், கூடலூரோடு கீழே உள்ள மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் சேர்ந்துதான் இருக்கின்றன. கீழே போய் இவர்களே "மலைக்காரருக்கு நம்ம கஷ்டம் புரியுமா?" என்று கேட்பார்கள். வேட்பாளருக்கு மலை தெரியுமா என்பது நியாயமான சந்தேகம்தான். அதற்கு அவரது பூர்வீகத்தைத் தோண்ட வேண்டியதில்லை. கூடலூரில் உரிமைச் சிக்கல் தீராத பழைய ஜமீன் வகை ஜன்ம நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு என்ன வழி, யானை வழித்தடத்துக்கு அருகில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு என்ன வழி, 2024 மே மாதம் வெளியூர் வாகனங்களுக்கு வந்த இ-பாஸைத் தொடரலாமா வேண்டாமா என்று மேடையில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மேடையில் சூடாகப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நையாண்டி இல்லாத தமிழ் மேடையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? விலை விழுந்தால் எங்களுக்கும் கோபம் வரும், வேட்பாளருக்கும் வரட்டும். "கொடுத்த வாக்கு என்ன ஆச்சு?" என்று எதிரியை உலுக்கி எடுக்கட்டும். "ஒழுங்காகப் பேசு" என்பதைச் சாக்காக வைத்து அந்த அம்மாவைப் போலக் கேள்வி கேட்பவர்களின் வாயை மூடப் பார்ப்பதும் நடக்கிறது. அதுவும் எனக்கு உடன்பாடில்லை.

சரி, வேண்டுகோளுக்கு வருகிறேன். வசவு செய்தியாகும் வரை வசவுக்குப் பஞ்சம் இருக்காது. எந்தக் கட்சியாக இருந்தாலும் அதைத் தலைப்பில் போடாதீர்கள். புகார் கொடுக்கப்பட்டால், புகார் வந்தது என்று உள்பக்கத்தில் இரண்டு வரி போதும். அந்த இடத்தில் கொழுந்து விலை குறித்து எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். யார் பொறுப்பில் எது இருக்கிறது என்பதை உங்கள் நிருபர் சரிபார்த்துக் கீழே குறிப்பிடட்டும். பதில் தராதவர் பெயருக்கு நேரே "பதில் வரவில்லை" என்று போட்டுவிடுங்கள். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்னதாக வந்தால் எங்கள் ஹட்டிகளில் (மலைக் கிராமங்களில்) உட்கார்ந்து பேசிப் பார்க்க நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.